புட்டு எத்தனை கிராம்? மகளின் பம்ப் கேட்கும் கேள்வி

எல்லாருக்கும் வணக்கம். கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் மீன் என்ன விலை என்று கேட்டு எழுதியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அது அடுத்த வீடியோவில் வரும். இன்றைக்கு மகளின் இன்சுலின் பம்ப் பற்றித்தான் பேசப் போகிறேன். அவளுக்கு முதலாம் வகை நீரிழிவு, இரத்தத்தில் சீனியைக் குறைக்கிற இன்சுலினை அவளுடைய கணையம் சுரப்பதில்லை, வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், அவளுடைய முகத்தையோ பெயரையோ நான் இங்கே காட்டுவதில்லை. 13 வயதுப் பிள்ளை, அது அவளுடைய விருப்பம்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கிழமை ஒரே வட்ஸ்அப் செய்தியைப் பல பேர் எனக்கு அனுப்பினார்கள். செயற்கைக் கணையம் வந்துவிட்டதாம், முதலாம் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகள் இனி எதையும் சாப்பிடலாமாம், ஊசியே தேவையில்லையாம், மெஷின் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுமாம். அனுப்பியவர்கள் அன்பில்தான் அனுப்பினார்கள். அதை எழுதியவர் மேல்தான் எனக்குக் கோபம். போன மாதம்தான் பிள்ளைக்கு நோய் என்று தெரிந்துகொண்ட ஒரு அம்மா அதைப் படித்தால் என்ன நினைப்பார்? நகையை அடகு வைத்தாவது அதை வாங்கிப் பூட்டிவிட்டால் பிறகு கவலையே இல்லை என்றுதானே?

சரி, செயற்கைக் கணையம் என்று அவர்கள் சொல்வது மகளிடம் இருப்பது போன்ற கருவியைத்தான். அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். கையில் ஒட்டிய சென்சர், இடுப்பில் பம்ப், இரண்டுக்கும் நடுவில் கணக்குப் போடும் மென்பொருள். சென்சர் தோலுக்குக் கீழே இருக்கிற திரவத்தில் சீனி அளவைப் பார்த்து 5 நிமிடத்துக்கு ஒரு தடவை அனுப்புகிறது. அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்து மென்பொருள் இன்சுலினைக் கூட்டும், குறைக்கும், தேவைப்பட்டால் நிறுத்தியே விடும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று நெருப்பைக் கூட்டிக் குறைக்கிற வேலை அது. ராத்திரி முழுக்க, நான் தூங்கும்போது, அது நிற்கிறது.

ராத்திரிதான் இதன் பெரிய வெற்றி. இந்த வயதில் வளர்ச்சி ஹோர்மோன் ராத்திரியில் நிறையச் சுரக்கும், அது இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. இன்சுலின் பேனையால் ஊசி போட்ட காலத்தில் விடியற்காலை 3 மணிக்குச் சீனி 240, 260 என்று நிற்கும் (நான் சொல்கிற சீனி எண்கள் எல்லாம் mg/dL அளவில்). எழுப்பி ஊசி போட வேண்டும், பிறகு இறங்கிவிடுமோ என்று பயந்துகொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இப்போது காலையில் போனைத் திறந்தால் கோடு 120க்கும் 140க்கும் நடுவில் படுத்திருக்கிறது. 70க்கும் 180க்கும் இடையில் நாளின் 70 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான இலக்கு. மகளுக்கு ராத்திரியில் அதைவிட நன்றாகவே இருக்கிறது. அந்தக் கோட்டை நான் படம் பிடித்து வைத்துக்கொள்கிறேன், அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் சாப்பாட்டு நேரத்தில் கதை வேறு. நாங்கள் பாவிப்பது போன்றவை எல்லாம் பாதித் தானியங்கிகள்தான். சாப்பிடப் போகிறேன், இத்தனை கிராம் மாச்சத்து என்று பிள்ளைதான் சொல்ல வேண்டும். அதையும் சாப்பிடுவதற்கு ஒரு கால் மணி நேரம் முன்னால் சொன்னால்தான் நல்லது. தோலுக்குக் கீழே போகிற இன்சுலின் வேலை தொடங்கவே 10, 15 நிமிடம் எடுக்கும், உச்சத்துக்கு வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். சோற்றின் சீனி அதற்குள் இரத்தத்துக்குப் போய்விடும். சொல்லாமல் சாப்பிட்டால் மெஷின் பின்னாலேயே துரத்திக்கொண்டு ஓடும், பிடிக்கும்போது 300 தாண்டியிருக்கும்.

இனி என் சந்தோஷத்துக்கு வருகிறேன். புட்டு!

பாண் பக்கெட்டில் மாச்சத்து எவ்வளவு என்று அச்சடித்திருக்கும். புட்டுக்கு யார் அச்சடித்துத் தருவார்கள்? ஒரு ஆப்பில் தேடினேன், புட்டு ஒரு துண்டு என்று போட்டு ஒரு எண் இருந்தது. எந்தத் துண்டு? குழல் புட்டிலா, நீத்துப்பெட்டிப் புட்டிலா? அரிசி மாவா, கோதுமை மாவா? தேங்காய்ப்பூ எவ்வளவு? ஒன்றும் இல்லை. அந்த ஆப்பை அன்றைக்கே அழித்துவிட்டேன்.

அப்போதுதான் தராசு வாங்கலாம் என்று முடிவெடுத்தேன். வெள்ளவத்தையில் காலி வீதியில் ஒரு கடையில் 3,200 ரூபா சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. புறக்கோட்டைக்குப் போனேன். கெய்சர் வீதியில் முதல் கடையில் அதே தராசு, அதே பெட்டி, 2,400. அடுத்த கடையில் 2,100. பற்றரி போட்டு, என்னிடம் இருந்த 400 கிராம் பால்மா பக்கெட்டை வைத்துக் காட்டச் சொன்னேன். பக்கெட்டின் நிறையோடு சேர்த்து 409 காட்டியது. கடைக்காரத் தம்பி சிரித்துக்கொண்டே 1,950க்குத் தந்தார், பற்றரியும் சேர்த்து. வெள்ளவத்தை விலையோடு பார்த்தால் 1,250 ரூபா மிச்சம்! கிராமில் காட்டுகிறதா, வெறும் பாத்திரத்தை வைத்து பூச்சியத்துக்குக் கொண்டுவர முடிகிறதா என்ற இரண்டையும் பார்த்து வாங்குங்கள். இரண்டாவது இல்லாவிட்டால் அந்தத் தராசு வேண்டவே வேண்டாம்.

இப்போது கணக்கு. எழுதிக்கொள்ளுங்கள். அரிசி மாவில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 80 கிராம் மாச்சத்து. நான் 500 கிராம் மா எடுத்தேன், ஆகவே மொத்தம் 400 கிராம். தேங்காய்ப்பூவில் மாச்சத்து கொஞ்சம்தான், நான் அதைச் சேர்க்கவில்லை. அவித்து முடித்ததும் முழுப் புட்டையும் நிறுத்தேன், 1,120 கிராம். 400ஐ 1,120ஆல் பிரித்தால் 100 கிராம் புட்டில் சுமார் 36 கிராம். மகள் 150 கிராம் சாப்பிட்டாள், அது 54 கிராம். அந்த எண்ணைப் பம்பில் போட்டு, கால் மணி நேரம் கழித்துச் சாப்பிட வைத்தேன். இரண்டு மணித்தியாலத்தில் 168! புட்டுக்கு 168! பார்த்ததும் குசினியிலேயே கத்திவிட்டேன், பக்கத்து வீட்டு அன்ரி ஓடி வந்து என்ன நடந்தது என்று கேட்டார்.

உங்கள் வீட்டில் எண் வேறாகத்தான் வரும், ஏனென்றால் நீங்கள் தெளிக்கிற தண்ணீர் வேறு. என் 36ஐ எடுத்துப் போடாதீர்கள், உங்கள் புட்டை நீங்களே நிறுத்துப் பாருங்கள். இன்னொன்று, தேங்காய்ப்பால் சொதியோடு சாப்பிட்டால் கொழுப்பினால் சீனி பிந்தி ஏறும். மூன்றாவது மணித்தியாலத்தில் கோடு மெதுவாகத் தூக்கும். அந்த மெதுவான ஏற்றத்தை மெஷின் நன்றாகப் பிடிக்கிறது. அதில் அதற்கு முழு மார்க்ஸ் கொடுப்பேன்.

பொறுங்கள், ராத்திரியைப் பற்றிப் பேசும்போது ஒன்றை விட்டுவிட்டேன். சென்சர் இருக்கிற கையின் மேல் பிள்ளை படுத்தால், அழுத்தத்தினால் சீனி இறங்கியது போலப் பொய்யாகக் காட்டி அலாரம் அடிக்கும். விரலில் குத்திப் பார்த்தால் சரியாக இருக்கும். உடனே சீனித் தண்ணியைப் பருக்கிவிடாதீர்கள். உண்மையாகவே இறங்கினாலும், மெஷின் முன்கூட்டியே இன்சுலினை நிறுத்தியிருக்கும், அதனால் ஊசிக் காலத்தில் சீனி இறங்கினால் கொடுத்த 15 கிராம் மாச்சத்து பல நேரம் தேவைப்படாது. எங்கள் டொக்டர் 5இலிருந்து 10 கிராம் கொடுத்துவிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

இதைவிட முக்கியமானது இன்னும் இருக்கிறது, அதை வேகமாகக் கடந்து போக மாட்டேன். பம்பில் இருப்பது விரைவாக வேலை செய்கிற இன்சுலின் மட்டும்தான். நீண்ட நேரம் நிற்கிற இன்சுலின் உடம்பில் இல்லை. தோலுக்குள் இருக்கிற சின்னக் குழாய் மடிந்தாலோ கழன்றாலோ சில மணித்தியாலங்களிலேயே கீற்றோன் (இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது இரத்தத்தில் சேர்கிற அமிலம்) ஏறும், பிள்ளை வாந்தி எடுக்கும், ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டியிருக்கும். கொழும்பு வெக்கையில் வியர்த்து ஒட்டு கழன்றுவிடுகிறது, அதிலும் வலைப்பந்துப் பயிற்சி நாளில். எங்களுக்குச் சொல்லித் தந்த விதி இது: சீனி 250க்கு மேல் நின்று, பம்பால் கொடுத்த இன்சுலினுக்கு இறங்காவிட்டால், கீற்றோன் பார்க்க வேண்டும், பேனையால் ஊசி போட வேண்டும், குழாயை மாற்ற வேண்டும். அதனால் பள்ளிக்கூடப் பையில் இன்சுலின் பேனை எப்போதும் இருக்கும். ஊசியே தேவையில்லை என்று எழுதிய அந்த மனிதர் இதைக் கேட்க வேண்டும்.

விளையாட்டு நாளில், சீனி இறங்கிவிடாமல் இருக்க, ஒன்றிரண்டு மணித்தியாலம் முன்னாலேயே மெஷின் பிடிக்க வேண்டிய சீனி இலக்கை 150க்கு உயர்த்தி வைக்கிறோம். அதற்கும் மெஷினிடம் பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

செலவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அரச ஆஸ்பத்திரியில் இன்சுலின் இலவசம், அது எங்கள் நாட்டின் பெரிய விஷயம். பம்ப், சென்சர், குழாய் எல்லாம் எங்கள் கைக்காசு. பம்ப் ஒரு தடவைச் செலவு. குழாயை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், சென்சரும் தீர்ந்துகொண்டே இருக்கும், அந்தச் செலவு நிற்காது. வாங்குவதற்கு முன் மாதச் செலவைக் கேளுங்கள். லண்டனில் இருக்கும் என் அண்ணாவின் மகனுக்கு அங்கத்தைய அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ். ஊடாகக் காசில்லாமல் கிடைத்தது. முதலாம் வகை உள்ள பிள்ளைகள் எல்லாருக்கும் இதைக் கொடுக்கலாம் என்று 2023 டிசம்பரில், எந்தச் சிகிச்சையை என்.எச்.எஸ். கொடுக்கலாம் என்று சொல்கிற நைஸ் அமைப்பு பரிந்துரைத்தது, 5 ஆண்டுகளில் படிப்படியாகக் கொடுப்பதாகத் திட்டம். இந்த வகையில் முதல் கருவிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2016இல், அதுவும் 14 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. 2022இல் ஒம்னிபொட் 5 என்ற கருவி அங்கே 2 வயதுக் குழந்தைக்கே வந்துவிட்டது. இவ்வளவு வேகமாக நடக்கும்போது எங்கள் பிள்ளைகள் மட்டும் ஏன் காத்திருக்க வேண்டும்? பொரளையில் லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இது கிடைக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

அடுத்தது இடியப்பம். ஒன்றின் நிறை வீட்டுக்கு வீடு மாறும், அதனால் உங்கள் வீட்டு இடியப்பம் பத்தை ஒன்றாக நிறுத்து, எத்தனை கிராம் வந்தது, சிவப்பு மாவா வெள்ளை மாவா என்று கீழே எழுதுங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு இடியப்பத்தை நிறுக்கிறேன்.