வேப்பமரத்து அணில்

நேயர்களுக்கு வணக்கம். நாய்களுக்குத் தடைதாண்டும் ஓட்டம் பழக்குவதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். அஜிலிட்டி என்பார்கள். 1978இல் லண்டனில் க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே கூட்டத்துக்குப் பொழுது போகட்டும் என்று, குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து நாய்களுக்கும் ஒன்று வைத்தார்கள். அப்படிப் பிறந்த விளையாட்டு இது. ஹர்டில் தாண்ட வேண்டும், டன்னலுக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும், சீசா பலகையில் ஏறி இறங்க வேண்டும், வரிசையாக நட்ட 12 கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து ஓட வேண்டும். மொட்டைமாடியில் இதெல்லாம் சீக்கிரம் வந்துவிடும். மைதானத்துக்குப் போனால்தான் நம் வண்டவாளம் தெரியும்.

என் நாய் வள்ளி, சிப்பிப்பாறை இனம். முயல் விரட்டுவதற்கென்று தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம் அது. எது அசைந்தாலும் முதலில் கண் போகும், கண்ணுக்குப் பின்னாலேயே கால் போகும். நாங்கள் பழகும் மைதானத்தின் ஓரத்தில் ஒரு வேப்பமரம், அதில் ஏகப்பட்ட அணில்கள். ஐந்தாவது கம்பம் வரை ஒழுங்காக வருவாள். ஆறாவதில் காது விறைக்கும். அவ்வளவுதான், ஆளைக் காணோம். நான் "வள்ளி, வள்ளி" என்று கத்திக்கொண்டு நிற்பேன். காலை நடைக்கு வரும் பெரியவர் ஒருவர் ஒருநாள், "தம்பி, அதுக்கு அதோட பேரு நல்லாத் தெரியும். நீங்க ஏன் ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கீங்க?" என்றார். நியாயமான கேள்வி. பத்துத் தடவை கூப்பிட்டால் பெயரும் காக்காய்ச் சத்தம் மாதிரி ஆகிவிடுகிறது.

அப்புறம்தான் மரத்தை விட்டுத் தள்ளி வந்தேன். எவ்வளவு தள்ளி? கையில் இருக்கும் கோழித்துண்டை நீட்டிப் பாருங்கள். அணிலைப் பார்த்தபடியே வாங்கித் தின்றால் தூரம் சரி. மூக்குக்கு நேரே நீட்டியும் கண்டுகொள்ளவில்லை என்றால் இன்னும் பின்னால் போங்கள். அதைத் திமிர் என்று நினைத்து அதட்டுவது வீண், காது கேட்கும் நிலையிலேயே நாய் இல்லை. எங்களுக்கு 40 அடி தேவைப்பட்டது. வள்ளி அணிலைப் பார்ப்பாள், நான் வாய் திறக்க மாட்டேன். என் பக்கம் தலை திரும்பிய அந்த நொடியில் "சபாஷ்", ஒரு துண்டு. பத்து நாளில் அணிலைப் பார்த்ததும் தானாகத் திரும்பி என் கையைப் பார்க்க ஆரம்பித்தாள். பிறகு ஓர் அடி, இரண்டடியாக மரத்தை நெருங்கினோம். மூன்று மாதம் ஆனது.

ஆனால் போட்டிக் களத்துக்குள் தீனி கொண்டுபோகக் கூடாது. அங்கே என்ன செய்வது? டேவிட் பிரிமாக் என்ற உளவியலாளர் சொன்ன வழி ஒன்று உண்டு: ஆசையாகச் செய்கிற காரியத்தையே, ஆசையில்லாத காரியத்துக்குக் கூலியாகக் கொடு. "சோத்தைத் தின்னுட்டு வெளயாடப் போ" என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதுதான். அதனால் அணிலையே கூலியாக்கினேன். 12 கம்பமும் முடித்தால் "போ, அணில்!" என்று நீளக் கயிறோடு நானும் கூடவே மரத்தடிக்கு ஓடுவேன். அணில் ஏறிவிடும், எப்போதும் அதற்குத்தான் வெற்றி. வள்ளிக்கு அதில் வருத்தமே இல்லை.

சில நாய்கள் நடுவில் நின்று தரையை மோந்துகொண்டே இருக்கும். தெருநாய் வாடை என்று நினைத்துக் கயிற்றை வெடுக்கென்று இழுப்போம். சில சமயம் அது வாடையாகவே இருக்காது. என்ன செய்யச் சொல்கிறோம் என்று புரியாமலும், நம் முகம் கடுகடுவென்று இருப்பதைப் பார்த்தும் நாய் அப்படிச் செய்வதுண்டு. கொஞ்சம் முன்னால் நாம் அதட்டினோமா என்று யோசித்துப் பாருங்கள். ஓடும்போது நாய் பார்ப்பது நம் தோளையும் காலையும்தான். தோள் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் என்றால் பாவம், அது எதை நம்பும்?

போன வாரம் ஹர்டில் கம்பியில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது, வாயில் வடையோ என்னவோ. வள்ளி டன்னலிலிருந்து வெளியே வந்தாள், காகத்தைப் பார்த்தாள், உடனே என்னைப் பார்த்தாள். நான் காகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.