கூடையில் இறங்கிய பவுல்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கிறிஸ்தவ விசுவாசத்தில் விஞ்சி நிற்பது துன்பத்தைச் சகிப்பதா, அன்பினால் தன்னைக் கொடுப்பதா என்பது இன்றைய தலைப்பு. கொடுப்பதே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அப்போஸ்தலன் பவுலைத் துணைக்கு அழைத்து வந்தார். கல்லெறிந்தார்கள், தாங்கினார். ஐந்து தரம் சாட்டையடி, தாங்கினார். உடம்பில் ஒரு முள் என்று அவரே சொன்ன தீராத வேதனை, அதையும் தாங்கினார். அரங்கமே கை தட்டியது. நானும் தட்டினேன், நன்றாகத்தான் பேசினார். ஆனால் அவர் பாதி பவுலைத்தான் அழைத்து வந்திருக்கிறார்.

மீதிப் பவுல் எங்கே என்று கேட்கிறீர்களா? தமஸ்குவில் ஒரு கூடைக்குள் குந்தியிருக்கிறார்! அவரைப் பிடிக்க நகர வாசலில் காவல் போட்டிருக்கிறார்கள். சீஷர்கள் இராத்திரி நேரத்தில் அவரைக் கூடையில் உட்காரவைத்து மதில் வழியாகக் கீழே இறக்குகிறார்கள். துன்பம்தான் மேன்மை என்றால், வாசல் வழியாகவே போய்க் கையை நீட்டியிருக்கலாமே? எருசலேமில் சாட்டையடிக்காக அவரை வாரால் கட்டுகிறார்கள். அப்போதும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. "நான் ரோமக் குடிமகன், விசாரிக்காமல் அடிக்க உங்களுக்கு அதிகாரம் உண்டா?" என்று சட்டம் பேசுகிறார். அப்புறம் அந்த முள். அதை எடுத்துவிடும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டதாக அவரே கொரிந்தியருக்கு எழுதுகிறார். எதிரணித் தலைவர் அந்த வரியை மட்டும் தாண்டிப் போய்விட்டார். நேரமில்லை போலிருக்கிறது.

சீஷனை விடுங்கள், குருவைப் பார்ப்போம். ஒரு பட்டணத்தில் உங்களைத் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று சொன்னவர் இயேசு. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் அவர் செய்த ஜெபம் என்ன? "இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்." வலியை விரும்புகிறவன் வாயில் இந்த வார்த்தை வருமா? அதற்கடுத்து "என் சித்தத்தின்படியல்ல" என்று வருகிறதே என்பீர்கள். வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஜெபத்தின்போது வியர்வை இரத்தத் துளிகள்போல் தரையில் விழுந்ததாக லூக்கா எழுதியிருக்கிறார். வேண்டாம் என்று உடம்பெல்லாம் கதறியபோதும் மற்றவர்களுக்காகச் சம்மதித்தார். அந்தச் சம்மதத்தைத்தான் நாங்கள் தியாகம் என்கிறோம்.

ஆதித் திருச்சபைக்கும் இது தெரிந்திருந்தது. இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா நகரத்தின் ஆயர் பொலிகார்ப்பு கொல்லப்பட்டதை அந்தச் சபையார் ஒரு கடிதமாக எழுதி வைத்தார்கள். அதில் குவிந்து என்று ஒருவன் வருகிறான். வேதசாட்சியாக, அதாவது விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்து, சாகிறேன் என்று தானாகவே முன்வந்து, கூட நாலு பேரையும் கிளப்பிவிட்டவன். மிருகங்களைக் கண்டதும் நடுங்கி, விசுவாசத்தையே விட்டுவிட்டான். தாங்களாகப் போய் ஒப்புக்கொடுக்கிறவர்களை நாங்கள் மெச்சுவதில்லை, சுவிசேஷம் அப்படிக் கற்பிக்கவில்லை என்று அந்தக் கடிதமே சொல்கிறது. பொலிகார்ப்போ, நண்பர்கள் சொன்னதைக் கேட்டு ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் போய் ஒதுங்கியிருந்தார். பிடிபட்டபோது, பிடிக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு போடச் சொல்லிவிட்டு, ஜெபம் பண்ண ஒரு மணி நேரம் கேட்டார். கூடையில் இறங்கியவரின் ஜாதிதான் இவரும். பிற்காலத்தில், 1349-இல், தங்களைத் தாங்களே சாட்டையால் அடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போன கூட்டங்களைத் தடை செய்ததும் ஒரு போப்பாண்டவர்தான், ஆறாம் கிளமெண்ட்.

இப்போது எங்கள் அணியின் சாட்சி. 1941, நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாம். ஒரு கைதி தப்பிவிட்டதற்குத் தண்டனையாகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஒருவர், ஃபிரான்சிஷெக் கயோவ்னிசெக், மனைவி பிள்ளைகளை நினைத்து அழுதார். வரிசையிலிருந்து மாக்சிமிலியன் கோல்பே என்ற குருவானவர் வெளியே வந்து, அவருக்குப் பதிலாக நான் போகிறேன் என்றார். இரண்டு வாரம் பட்டினி. அதன் பிறகும் உயிர் இருந்ததால் ஆகஸ்ட் 14 அன்று கார்பாலிக் அமில ஊசி போட்டுக் கொன்றார்கள்.

நடுவர் அவர்களே, அந்த அறையில் பத்துப் பேர். பத்துப் பேருக்கும் ஒரே பசி, ஒரே தாகம், ஒரே இருட்டு. துன்பத்துக்கென்று தனியாக ஒரு புனிதம் இருக்குமானால் ஒன்பது பேருக்கு நேர்ந்ததையும் புனிதம் என்று சொல்ல வேண்டிவரும். யாருக்காவது நாக்கு எழும்புமா? அது கொலை. பச்சைக் கொலை. கோல்பேயின் பசியும் அதே பசிதான், அவருக்குச் செய்ததும் அதே கொலைதான். ஆனால் இன்னொருவன் வாழட்டும் என்று அந்தப் பசிக்குள் அவர் நடந்து போனார். 1971-இல் அவருக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான அருளாளர் பட்டம் கொடுத்தபோது வேதசாட்சி என்ற வரிசையில் கொடுக்கவில்லை. 1982-இல் புனிதர் பட்டம் கொடுத்த போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் அவரை வேதசாட்சி என்றே அறிவித்தார். அன்பும் சாட்சிதான் என்றாயிற்று. அந்தச் சடங்குக்குக் கயோவ்னிசெக்கும் வந்திருந்தார்.

சரி, எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். "தீராத நோயில் கிடக்கிறவர் எதைக் கொடுப்பார்? சகிப்பதைத் தவிர அவருக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. உங்கள் அணியின் மற்ற வாதங்களெல்லாம் போகட்டும், இது என்னைத் தூங்கவிடாத கேள்வி.

என் தாயார் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒருவர் பார்க்க வந்தார். "கர்த்தர் யாரை நேசிக்கிறாரோ அவரைத்தான் சிட்சிப்பார்" என்று வசனம் சொன்னார். வசனம் பொய்யில்லை. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வேதாகமத்தில், எல்லாம் இழந்து நோயில் கிடந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது. மறுநாள் வேறொரு பெண் வந்தார். வசனமும் இல்லை, அறிவுரையும் இல்லை. போர்வையை விலக்கிப் பார்த்தார். வளர்ந்து கிடந்த கால் நகங்களை ஒவ்வொன்றாக வெட்டினார். துணுக்குகளைப் பொறுக்கி ஒரு காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார். அம்மா அவரைப் பக்கத்தில் கூப்பிட்டு, மூச்சு வாங்க வாங்க ஒரே விஷயம் சொன்னார்: "அடுத்த கட்டில் பிள்ளை ராத்திரியெல்லாம் அழுகுது. அதையும் கொஞ்சம் பாரும்மா."

கொடுக்க என்ன இருக்கிறது என்றா கேட்டீர்கள்?

அப்புறம், உங்கள் வாதத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கணவனிடம் அடி வாங்கி முகம் வீங்கி வந்து நிற்கிற பெண்ணிடம், "இது உன் சிலுவை, சும" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவள் யாருக்காக எதைக் கொடுத்தாள்? அவளிடமிருந்து பிடுங்கினார்கள், அவ்வளவுதான். விசாரணையின்போது ஒரு சேவகன் கன்னத்தில் அறைந்தபோது இயேசு கேட்டது யோவான் சுவிசேஷத்தில் இருக்கிறது: "என்னை ஏன் அடிக்கிறாய்?" அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய வசனம் அதுதான். என் சரீரத்தைச் சுட்டெரிக்கக் கொடுத்தாலும் அன்பு இல்லாவிட்டால் பிரயோஜனம் ஒன்றுமில்லை என்று எழுதியவர் யார் தெரியுமா? எதிரணி அழைத்து வந்த அதே பவுல்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே நிமிடம்.

உயிர்த்தெழுந்த இயேசுவின் உடம்பிலும் காயம் இருந்ததே, துன்பம் அழியாது என்பதற்கு அதுவே அத்தாட்சி என்று எதிரணி முடித்தது. காயம் இருந்தது, சீஷரான தோமா பார்த்தார். அந்தக் கைகள் அடுத்து என்ன செய்தன? திபேரியா கடற்கரை, விடியற்காலம். இராத்திரி முழுக்க வலை போட்டு அலுத்து வருகிற சீஷர்கள், அவரை விட்டுவிட்டு ஓடிப்போனவர்கள். கரையில் கரிநெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். ஆணி பாய்ந்த கைகளால் அப்பத்தை எடுத்துக் கொடுக்கிறார். ஏன் ஓடினீர்கள் என்று கேட்கவில்லை. "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்கிறார்.