டீப் பர்ப்பிள், ஒசாகா, 1972: ஐந்து பேர் மேடையில் செய்தது

[திரையில்: இருட்டான மேடை. ஆர்கன் ஒலி மட்டும்.]

வணக்கம். ஹெட்ஃபோன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள்.

டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள். அதனால் ரசிகர்கள் மார்க் 1, மார்க் 2 என்று எண் வைத்துத்தான் பேசுவார்கள். நாம் கேட்கப்போவது மார்க் 2. பாட்டு இயன் கில்லன், கிடார் ரிச்சி பிளாக்மோர், ஆர்கன் ஜான் லார்ட், பேஸ் ராஜர் குளோவர், டிரம்ஸ் இயன் பேய்ஸ்.

1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகாவிலும் 17ஆம் தேதி டோக்கியோவின் புடோகான் அரங்கிலும் வாசித்தார்கள். அந்த மூன்று இரவுகளில் இருந்து பிறந்ததுதான் 'மேட் இன் ஜப்பான்'. லைவ் ஆல்பம் வேண்டும் என்று கேட்டது ஜப்பானியத் தரப்பு. குழுவுக்குப் பெரிய ஆர்வம் இல்லை. பதிவு செய்வதானால் எங்கள் ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச்தான் செய்ய வேண்டும் என்றார்கள். பிறகு ஸ்டுடியோவில் உட்கார்ந்து எதையும் ஒட்டுப்போடவில்லை. மேடையில் வாசித்ததுதான் நம் காதில் விழுகிறது.

[திரையில்: கிடாரும் மைக்கும் எதிரெதிரே.]

'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்' பாட்டின் நடுவில் மற்றவர்கள் அடங்கிவிடுகிறார்கள். பிளாக்மோர் கிடாரில் ஒரு சின்னத் துணுக்கு வாசிக்கிறார். கில்லன் அதைத் தொண்டையில் அப்படியே திருப்பித் தருகிறார். அடுத்தது கொஞ்சம் மேலே. அதையும் பிடிக்கிறார். இன்னும் மேலே. கடைசியில் கில்லன் ஒரே மூச்சில் நீளமாக ஓர் அலறல் எடுக்கிறார் பாருங்கள், இத்தனை வருடம் கேட்டும் எனக்கு இன்னும் மயிர்க்கூச்செறிகிறது.

அப்புறம் ஜான் லார்ட். ஹம்மண்ட் ஆர்கன் தேவாலயங்களுக்குப் பழக்கமான வாத்தியம். அவர் அதை கிடார்காரர்களின் மார்ஷல் ஆம்ப்ளிஃபையர் வழியாக விட்டார். ஒலி கரகரத்து உறுமத் தொடங்கியது. சில இடங்களில் வாசிப்பது ஆர்கனா கிடாரா என்று சட்டெனப் பிரிக்க முடியாது. பிளாக்மோருக்கு ஈடுகொடுக்க இப்படி ஒரு ஆர்கன் வேண்டியிருந்தது என்றே நினைக்கிறேன்.

'ஸ்பேஸ் ட்ரக்கின்' ஸ்டுடியோவில் நாலரை நிமிடம். இங்கே கிட்டத்தட்ட 20 நிமிடம்! பாட்டு சீக்கிரமே முடிந்துவிடும். மீதி முழுக்க ஒருவர் போகிற போக்கைப் பார்த்து மற்றவர் பின்தொடர்வதுதான். பேய்ஸின் டிரம்ஸை மட்டும் பிடித்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். யார் எங்கே திரும்பினாலும் அவர் கூடவே இருப்பார்.

[திரையில்: ஒசாகா, 1973.]

அடுத்த ஆண்டு கில்லனும் குளோவரும் விலகினார்கள். இந்த ஐவரும் பிரிவதற்கு முன் கடைசியாக வாசித்தது 1973 ஜூன் 29 அன்று. அதுவும் ஒசாகாவில்தான்.