கொடியும் மரத்துப்பாக்கியும்: தன்பாலீர்ப்பாளர் அணிவகுப்புக் குழுக்கள் எப்படிப் பிறந்தன?

[காட்சி: அமெரிக்க நகர வீதி. வரிசையாக நடக்கும் ஆண்கள். வெள்ளைத் துப்பாக்கிகள் ஒரே நேரத்தில் மேலே பறக்கின்றன.]

வணக்கம். துப்பாக்கிகளைப் பார்த்துப் பதற வேண்டாம், இவை சுடாது. மரத்தில் செதுக்கி வெள்ளை வண்ணம் பூசி, தோல்வார் மாட்டியவை. நீளம் ஏறக்குறைய மூன்றடி. சுழற்றி எறிவதும், இறங்கி வரும்போது பிடிப்பதும்தான் இவற்றுக்கு வேலை. இந்தக் கலைக்குக் கலர் கார்டு என்று பெயர். கலர் என்றால் படைக்கொடி, கார்டு என்றால் காவல். இங்கே இதை ஆடுபவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள், தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்கள்.

[காட்சி: பழைய போர்க்கள ஓவியம்]

கலர் கார்டு பிறந்த இடம் ராணுவம். வெடிமருந்துப் புகையில் தன் படை எங்கே நிற்கிறது என்று வீரனுக்குக் காட்டியது கொடிதான். அதைக் காக்கவே தனி ஆட்களை நிறுத்தினார்கள். போர்முறை மாறிய பிறகும் சடங்காக அது நீடித்தது. அமெரிக்கப் பள்ளி பேண்டுகளின் கைக்கு வந்ததும் மெல்ல மெல்ல நடனமாகிவிட்டது.

[காட்சி: பயிற்சி மைதானம், கொடிக்கம்பின் நெருக்கக் காட்சி]

கொடிக்கம்பு ஒரு அலுமினியக் குழாய். ஆறடி வரை இருக்கும். இரு முனையிலும் ரப்பர் மூடி, எடைக்காக உள்ளே ஒரு போல்ட், துணி நழுவாமலிருக்க எலெக்ட்ரிக்கல் டேப். நம் சிலம்பக் கம்பைப் போலவே சுழலும், ஆனால் சிலம்பத்தில் கம்பு கையை விட்டால் ஆட்டம் போயிற்று. இங்கே கையை விட்டுப் பறந்தால்தான் கைத்தட்டல். துப்பாக்கி இன்னும் கடினம். எத்தனை சுற்று என்பதை எறியும் நொடியிலேயே மணிக்கட்டு தீர்மானித்துவிடுகிறது. பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை, காத்திருந்து பிடிக்க வேண்டும். பத்துப் பேர் பிடிக்கும் சத்தம் ஒரே சத்தமாகக் கேட்டால் நல்ல குழு. புதிதாகச் சேர்ந்தவர்களின் விரல்களில் வீக்கம் இருக்கும். அதைப் பெருமையாகக் காட்டிக்கொள்பவர்களும் உண்டு.

இத்தனையும் நடந்துகொண்டே செய்ய வேண்டும். கால் தாளத்தில் விழ வேண்டும், ஓரக்கண் வரிசையைப் பார்க்க வேண்டும், காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் முகத்தில் சிரிப்பு இருக்க வேண்டும்.

[காட்சி: சான் பிரான்சிஸ்கோ, 1978]

1977 ஜூனில் ஃபுளோரிடாவின் டேட் கவுண்டியில், தன்பாலீர்ப்பாளர்களுக்குப் பாதுகாப்பு தந்த ஒரு சட்டம் வாக்கெடுப்பில் ரத்தானது. ரத்து செய்யப் பிரசாரம் செய்தவர் பாடகி அனிதா பிரையன்ட். அடுத்த ஆண்டு கலிபோர்னியாவில், தன்பாலீர்ப்பாளர்கள் அரசுப் பள்ளிகளில் ஆசிரியராக இருக்கக் கூடாது என்று ஒரு முன்மொழிவு கிளம்பியது. அப்போது சான் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த ஜான் சிம்ஸ் என்ற இசை ஆசிரியர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். வாதாடப் போகாமல் பேண்ட் ஒன்றைச் சேர்த்தார். 'கே ஃப்ரீடம் டே மார்ச்சிங் பேண்ட் அண்டு ட்வர்லிங் கோர்' என்று பெயர் வைத்தார். வாத்தியக்காரர்களுக்குச் சமமாகச் சுழற்றுபவர்களுக்கும் பெயரிலேயே இடம் கிடைத்தது. 1978 ஜூன் 25 அன்று நடந்த கே ஃப்ரீடம் டே, அதாவது தன்பாலீர்ப்பாளர் விடுதலை நாள் அணிவகுப்பில் அது வீதிக்கு வந்தது. இன்று தன்பாலீர்ப்பாளர்களின் அடையாளமாக இருக்கும், கில்பர்ட் பேக்கர் வடிவமைத்த வானவில் கொடி முதன்முதலாகப் பறந்ததும் அதே நாளில்தான். ஆசிரியர்களுக்கு எதிரான முன்மொழிவு நவம்பரில் தோற்றது.

சிம்ஸ் 1984இல் எய்ட்ஸ் நோயால் இறந்தார். வயது 37. அவர் தொடங்கிய பேண்ட் இன்றும் இருக்கிறது.

[காட்சி: சிகாகோ]

சிகாகோவில் உருவான குழு இன்னும் குறும்புக்காரக் குழு. தன் பெயரை 'ரைட்டியஸ்லி அவுட்ரேஜியஸ் ட்வர்லிங் கோர்', அதாவது நியாயமாகவே அடாவடி செய்யும் சுழற்றல் குழு, என்று வைத்துக்கொண்டது. சுருக்கினால் ஆர்.ஓ.டி.சி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ராணுவ அதிகாரிகளை உருவாக்கும் திட்டத்துக்கும் அதே எழுத்துகள்தான். தன்பாலீர்ப்பாளர் என்று தெரிந்தால் மாணவரை வெளியே அனுப்பிய திட்டம் அது. தங்களுக்குக் கதவைச் சாத்திய இடத்தின் நடையையும் துப்பாக்கியையும் எடுத்து, அவர்களைவிட நேர்த்தியாக வீதியில் ஆடிக்காட்டுவது கோஷம் போடுவதைவிடக் கூர்மையான பதில் என்பேன்.

யார் சேருகிறார்கள்? அமெரிக்காவில் பலருக்கு பேண்ட் வாழ்க்கை கல்லூரியோடு முடிந்துவிடும். முரசும் பித்தளை வாத்தியங்களும் கொடியும் சேர்ந்த டிரம் கோர் என்ற அணிவகுப்புக் குழுக்களின் பெரிய போட்டிகளிலும் பெரும்பாலும் 22 வயதுக்கு மேல் இடமில்லை. வேலைக்குப் போய்விட்டு, மாலையில் வந்து கம்பு சுழற்ற ஆசைப்படுபவருக்கு இப்படி ஒரு தன்னார்வக் குழுதான் கதி.

[காட்சி: வாஷிங்டன், குளிர்கால அணிவகுப்பு]

2009 ஜனவரி 20. ஒபாமாவின் பதவியேற்பு அணிவகுப்பு. பல நகரங்களின் குழுக்கள் ஒன்றுசேர்ந்த லெஸ்பியன் அண்டு கே பேண்ட் அசோசியேஷன் அதில் நடந்தது. அதே வீதியில் ராணுவப் பிரிவுகளும் நடந்தன. அந்தப் பிரிவுகளில் ஒருவர் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று அன்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். வெளிப்படையாகச் சொன்னவரை ராணுவத்திலிருந்து நீக்கிய அந்தச் சட்டம் நீங்கியது 2011 செப்டம்பர் 20 அன்று.