ஒரு மலைக் கவுண்டியின் மழலையர் வகுப்புகள்: எதைக் கொண்டு ஒப்பிடுவது?

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் 55 கவுண்டிகள். கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரே பள்ளி வாரியம்தான். 1933 முதல் அப்படி. 2002-ல் சட்டம் போட்டு, பத்தாண்டு அவகாசம் எடுத்துக்கொண்டு, 2012-13 கல்வியாண்டில் நான்கு வயதுக் குழந்தைகள் எல்லோருக்கும் அரசு மழலையர் வகுப்பில் இடம் என்ற நிலைக்கு வந்தார்கள். ஜூலை 1-க்கு முன் நான்கு வயது நிரம்பியிருக்க வேண்டும், அவ்வளவுதான். சட்டமும் ஒன்று, வாரியமும் ஒன்று. அப்படியிருந்தும் ஒரே கவுண்டிக்குள் ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கும். ஒப்பிடுவது எப்படி என்று பேச அதனால்தான் இந்த மாநிலத்தை எடுத்துக்கொண்டேன்.

மாநிலத்தின் தென்கோடியில் இருக்கும் மாக்டவல் கவுண்டியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிலக்கரி பூமி. 1950-ல் ஏறக்குறைய 99,000 பேர் வாழ்ந்த இடம். 2020 கணக்கெடுப்பில் 19,111 பேர். ஆள் குறைந்ததே தவிர மலை குறையவில்லை. இரண்டு மலைகளுக்கு இடையில் ஓடும் ஒடுங்கிய பள்ளத்தாக்கை அங்கே 'ஹாலோ' என்கிறார்கள். வீடுகள் அந்த ஹாலோவுக்குள் ஓடையோரமாக வரிசை கட்டி நிற்கும். பள்ளி இருப்பதோ வேறொரு மலைக்கு அப்பால்.

இந்த மாதிரிக் கவுண்டியில் பொதுப்பணத்தில் நடக்கும் வகுப்புகள் பல வகை. தொடக்கப்பள்ளிக் கட்டடத்தில் வாரியமே நடத்துவது ஒன்று. 'ஹெட் ஸ்டார்ட்' மையம் இன்னொன்று. இது 1965-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். ஏழைக் குடும்பங்களுக்கு முன்னுரிமை. பாடத்தோடு சாப்பாடு, பல் பரிசோதனை, வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது எல்லாம் அடங்கும். நம் அங்கன்வாடித் திட்டத்துக்குப் பத்து வயது மூத்தது என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, தனியார் குழந்தைக் காப்பகம் மாநிலப் பணத்தில் நடத்துவது. இவற்றில் குறைந்தது பாதி வகுப்புகளையாவது வாரியம் இப்படிப்பட்ட கூட்டாளிகளோடு சேர்ந்துதான் நடத்த வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டத்தின் தனிச்சிறப்பு. அதனால் ஒரே அறைக்கு இரண்டு இடத்திலிருந்து பணம் வரும். வாசல் பலகையைப் படித்து எதையும் முடிவு கட்ட முடியாது. 'ஹெட் ஸ்டார்ட் நல்லதா, பள்ளிக்கூடம் நல்லதா' என்று கேட்கிறவர்கள் பலகையைத்தான் ஒப்பிடுகிறார்கள்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதலில் நேரம். மாநில விதிப்படி வாரத்துக்கு 25 மணி நேரம், ஆண்டுக்குக் குறைந்தது 48,000 நிமிடம். அதாவது 800 மணி. ஹெட் ஸ்டார்ட் நிறுவனமோ தன் மைய இடங்களில் 45 விழுக்காட்டுக்காவது ஆண்டுக்கு 1,020 மணி நேரம் தர வேண்டும். 220 மணி நேர வித்தியாசம். நாளுக்கு ஆறு மணி என்றால் 36 நாளுக்கு மேல். ஆனால் எந்த இடங்கள் அந்த 45-க்குள் வருகின்றன என்று கேட்காமல் இந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

காகிதத்தில் இருக்கும் நேரம் வேறு, குழந்தை கையில் சேரும் நேரம் வேறு. கைகழுவுவதையே எடுத்துக்கொள்வோம். வகுப்பில் 20 பேர், அதுதான் உச்சவரம்பு. அறையில் ஒரே ஒரு தொட்டி. சோப்புப் போட்டு, தேய்த்து, துடைத்துவிட்டு நகர ஒரு குழந்தைக்கு 30 விநாடி ஆகிறது என்றால் வரிசை முடிய 10 நிமிடம். நாளுக்கு நான்கு முறை கழுவினால் 40 நிமிடம் சுவரோரம் நிற்பதிலேயே போய்விடும். நிற்கிற நான்கு வயதுப் பிள்ளை சும்மா நிற்குமா? முன்னால் நிற்பவனைத் தள்ளும், ஆசிரியர் அதட்டுவார், அந்த நாளே கெட்டுவிடும். இரண்டாவது தொட்டி ஒன்றைப் பொருத்தினால் நாளுக்கு 20 நிமிடம் மிச்சம். ஐந்து பேர் கழுவும்போது மீதி 15 பேரை உதவியாசிரியர் பாட்டில் இழுத்து வைத்திருந்தால் தொட்டிச் செலவும் மிச்சம். ஒரு வகுப்பின் தரத்தை அளக்க எனக்கு ஒரே ஒரு இடம்தான் கொடுப்பீர்கள் என்றால், கைகழுவும் தொட்டியருகே நின்றுகொள்வேன்.

கழிப்பறையும் அப்படித்தான். விதி 10 குழந்தைக்கு ஒரு பெரியவர். 20 பேருக்கு இருவர். கழிப்பறை வகுப்பறைக்குள்ளேயே இருந்தால் சிக்கல் இல்லை. பழைய தொடக்கப்பள்ளியில் அது தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கும். ஒரு குழந்தையை அழைத்துக்கொண்டு ஒருவர் போனால், அறையில் ஒருவருக்கு 19 பேர். விதிமீறல் என்று தலைமையாசிரியர் பயப்படுவார். உடனே 'எல்லோரும் ஒன்றாகப் போவோம்' என்று 20 பேரையும் ஒரே நேரத்தில் வரிசையில் கூட்டிப்போவார்கள். விளையாட்டு நடுவில் அறுந்துபோகும். கட்டடம் கட்டியவர் செய்த தவறுக்கு ஆசிரியர் மேல் பழி.

இட அளவில் ஏமாறுவது எளிது. ஹெட் ஸ்டார்ட் கணக்கு: உள்ளே குழந்தைக்கு 35 சதுர அடி, வெளியே 75. 20 பேருக்கு உள்ளே 700 சதுர அடி. இது புழங்கும் இடம். கழிப்பறை, சமையலறை, சுவரோடு பதித்த அலமாரி எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். சுவருக்குச் சுவர் நாடா பிடித்து '30-க்கு 24, 720 அடி இருக்கிறது' என்று எழுதிவிட்டுப் போவது வழக்கமான பிழை.

சாப்பாட்டு மேசையில் வித்தியாசம் கண்ணில் அடிக்கும். மூன்றிலிருந்து ஐந்து வயதுக்கான மதிய உணவுக்குக் குழந்தைக் காப்பக உணவுத் திட்டத்தில் பால் முக்கால் கப், இறைச்சி அல்லது மாற்றுப்புரதம் ஒன்றரை அவுன்ஸ், காய் கால் கப், பழம் கால் கப், அரை அவுன்ஸ் தானியம். அளவு கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஒத்துப்போகும், பரிமாறுவதில்தான் சங்கதி. வட்ட மேசையில் கிண்ணம் வைத்து, சின்னக் கூஜாவிலிருந்து குழந்தையே பால் ஊற்றிக்கொண்டால், சிந்தினாலும், அது கைப்பழக்கம், பேச்சு, எண்ணிக்கை மூன்றும் சேர்ந்த பாடம். பள்ளி உணவகத்தில் தட்டு ஏந்தி வரிசையில் போய், அட்டைப்பெட்டிப் பாலோடு உட்காரும் குழந்தையால் பெட்டியைத் திறக்க முடியாது. கையைத் தூக்கிக் காத்திருக்கும். திறந்துவிட ஆள் வருவதற்குள் சாப்பாட்டு நேரம் பாதி போயிருக்கும்.

மதிப்பெண்ணுக்கு வருவோம். ஹெட் ஸ்டார்ட் வகுப்புகளைக் 'கிளாஸ்' என்ற அளவுகோலால் 1 முதல் 7 வரை மதிப்பிடுகிறார்கள்: அரவணைப்பு, ஒழுங்கமைப்பு, கற்பிப்பு என்று மூன்று பிரிவு. மூன்றையும் கூட்டிச் சராசரி எடுப்பது பெரிய தவறு. ஒரு வகுப்பு 6, 6, 2.4, இன்னொன்று 5, 5, 4.4. இரண்டின் சராசரியும் 4.8. முதல் வகுப்பில் குழந்தைகள் சிரித்துக்கொண்டு, அமைதியாக, பெரிதாக எதையும் யோசிக்காமல் வீடு திரும்புகிறார்கள். மூன்றாவது எண்ணைத்தான் தனியே கேட்க வேண்டும். நாடு முழுக்கவே அதுதான் சோப்ளாங்கி. அதோடு, வெளியாகும் எண் அந்த நிறுவனத்தின் பல வகுப்புகளுக்கான சராசரி. உங்கள் பிள்ளை உட்காரும் அறைக்கு உரியதல்ல.

அந்த அறைக்கு எண் வேண்டுமானால் நீங்களே எடுக்கலாம். குழந்தைகள் விளையாடும் தண்ணீர்த் தொட்டியருகே 20 நிமிடம் உட்காருங்கள். குழந்தை சல்லடையில் தண்ணீர் மொள்கிறது. 'இது என்ன நிறம்?' என்று ஆசிரியர் கேட்டால் 'பச்சை' என்பதோடு பேச்சு முடிந்தது. 'தண்ணி ஏன் நிக்க மாட்டேங்குது? என்ன பண்ணலாம்?' என்று கேட்டால் குழந்தை ஓட்டையைக் கையால் அடைக்கும், இலை தேடும், நான்கைந்து முறை பேச்சு போய்வரும். முதல் வகைக் கேள்விக்கு ஒரு கோடு, இரண்டாவதற்கு ஒரு கோடு. தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பள்ளியில் சேரும்போது குழந்தைகள் வாங்கும் மதிப்பெண்ணை வைத்து மையங்களை வரிசைப்படுத்துவதை நான் ஏற்பதில்லை. 20 பேர் வகுப்பில் ஒரு குழந்தை 5 விழுக்காடு. இரண்டு பேர் ஊர் மாறிப்போனாலே எண் 10 புள்ளி புரண்டுவிடும். ஏழைக் குழந்தைகளைத் தேடிச் சேர்க்கும் மையத்தையும் சேர்க்காத மையத்தையும் ஒரே கோட்டில் ஓடவிடுவதும் நியாயமல்ல. குலுக்கல் முறையில் இடம் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். டென்னசி மாநிலத்தில் அப்படிச் செய்த ஆய்வின் 2022 முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது: அரசு மழலையர் வகுப்புக்குப் போனவர்கள் ஆறாம் வகுப்பில் போகாதவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். இடம் கொடுப்பதோடு வேலை முடிந்தது என்று நினைத்தவர்களுக்கு அது கசப்பு மருந்து.

பேருந்து. ஹெட் ஸ்டார்ட் விதி ஒரு வழிப் பயணம் ஒரு மணிக்கு மேல் கூடாது என்கிறது. ஆனால் வேறு குறுக்குவழி இல்லையென்றால் விலக்கு உண்டு. மலைக் கவுண்டியில் விலக்குதான் விதி. குழந்தைக்கேற்ற இருக்கைக் கட்டு, ஓட்டுநரைத் தவிர ஒரு கண்காணிப்பாளர், இரண்டும் உண்டா என்று பாருங்கள். பேருந்து ஏறிய நேரத்திலிருந்து கணக்கிடாதீர்கள். பல ஹாலோக்களுக்குள் பேருந்து திரும்ப இடமில்லை; பள்ளத்தாக்கின் வாய்முகத்தில்தான் நிற்கும். வீட்டு வாசலிலிருந்து கடிகாரம் ஓடட்டும். மாலைத் தடம் காலைத் தடத்தின் தலைகீழாகப் போனால், காலையில் முதலில் ஏறிய குழந்தைதான் மாலையில் கடைசியாக இறங்கும்.

கடைசியாக வெள்ளிக்கிழமை. 25 மணி நேரத்தை நான்கு நாளில் முடித்துவிட்டு, நாளுக்கு ஆறே கால் மணி வீதம், ஐந்தாம் நாளை வீட்டுச் சந்திப்புக்கும் திட்டமிடலுக்கும் ஒதுக்கும் வகுப்புகள் அங்கே நிறைய. ஆசிரியருக்கு அது வரம். ஆனால் வேலைக்குப் போகும் தாய்க்கும், பேரப்பிள்ளையைத் தனியே வளர்க்கும் பாட்டிக்கும் அன்றைக்கு என்ன வழி? அன்று காலை உணவும் மதிய உணவும் வீட்டுப் பொறுப்பு. ஏழைகள் கடையில் உணவு வாங்க அரசு தரும் உணவு வில்லைத் திட்டத்தை 1961-ல் மீண்டும் தொடங்கியபோது முதல் வில்லைகள் வழங்கப்பட்டது இதே மாக்டவல் கவுண்டியில்தான் என்பதை நினைத்துக்கொண்டால் கேள்வியின் எடை புரியும். சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: வெள்ளிக்கிழமை வகுப்பு உண்டா, பனியிலும் வெள்ளத்திலும் போகும் நாட்களை எந்த மாதத்தில் ஈடுகட்டுகிறார்கள், போன ஆகஸ்டிலிருந்து இந்த அறையில் எத்தனை ஆசிரியர் மாறினார்கள்.