டி செல் ஏன் சோர்ந்து போகுது?

வணக்கம் மக்களே. "இம்யூனிட்டியை ஏத்துறது எப்படி"ன்னு ஆயிரம் வீடியோ இருக்கு, அந்தப் பக்கம் நான் போகப் போறதில்லை. நம்ம எதிர்ப்பு செல்கள் வைரஸையும் கேன்சரையும் எப்படிப் பிடிக்குது, பிடிச்ச பிறகும் ஏன் சில நேரம் சும்மா நிக்குதுன்னு பாப்போம். இந்த ரெண்டாவது கேள்விதான் எனக்குப் பிடிச்சது.

நம்ம ஆளு சிடி8 டி செல், வெள்ளை அணுக்கள்ல ஒரு வகை. வைரஸ் நம்ம செல்லுக்குள்ள போய் ஒளிஞ்சுக்குது. டி செல்லால உள்ள நுழைஞ்சு பாக்க முடியாது. அப்போ எப்படித் தெரியும்? உடம்புல கிட்டத்தட்ட எல்லாச் செல்லுமே தனக்குள்ள தயாராகுற புரதங்களைச் சின்னச் சின்னதா வெட்டி, எம்எச்சிங்கிற மூலக்கூறுல வெச்சு வெளிப்பக்கம் காட்டிக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு துண்டும் பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமிலம் நீளம், அவ்வளவுதான். டி செல் தடவிப் பாக்குறது அதைத்தான். நம்ம சொந்தத் துண்டுன்னா கண்டுக்காமப் போயிடும். வைரஸ் துண்டுன்னா விடாது. டி செல் வைரஸைத் தனியாப் பாக்காது, சொந்த எம்எச்சியோட சேத்துத்தான் பாக்கும்னு 1970கள்ல ஆஸ்திரேலியாவோட கான்பெராவுல எலிகளை வெச்சுக் காட்டினவங்க பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்னாகலும். 1996ல நோபல் கிடைச்சுது.

கேன்சருக்கும் இதே கண்ணுதான். மரபணு மாறினா புரதம் மாறும், புரதம் மாறினா வெளியே காட்டுற துண்டும் மாறும். அதை டி செல் பிடிச்சுக்கும். சரி, காட்டினாத்தானே பிடிப்பேன்னு சில வைரஸும் சில கட்டியும் எம்எச்சியையே குறைச்சுடும். அங்கதான் என்கே செல், அதாவது 'இயற்கைக் கொல்லி'ன்னு பேர் வாங்கின இன்னொரு எதிர்ப்பு செல் வருது. இது சந்தேகப்படுறதே வேற மாதிரி: "காட்ட வேண்டியதை ஏன் காட்டலை?"

கொல்றதை மைக்ரோஸ்கோப்ல எடுத்த வீடியோ இருக்கு, கிடைச்சா கண்டிப்பாப் பாருங்க. டி செல் ஊர்ந்து வரும். ஒரு செல்லைத் தொட்டதும் நின்னுடும், அதோட உருவமே மாறி அந்தச் செல்லோட அப்படியே ஒட்டிக்கும். உள்ள இருக்குற நச்சுத் துகள்கள் எல்லாம் தொட்ட பக்கமா நகர்ந்து வரும். அதுல இருக்குற பெர்ஃபோரின்ங்கிற புரதம் ஓட்டை போடும், கிரான்சைம்ங்கிற நொதி உள்ள போய் "நீயே செத்துப்போ"ன்னு உத்தரவு கொடுக்கும். அந்தச் செல் மேல குமிழ் குமிழாக் கிளம்பும். டி செல் அங்க நிக்காது, அடுத்ததைத் தேடிப் போயிடும். பக்கத்துல இருக்குற நல்ல செல்லுக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. இந்தத் துல்லியம் எனக்கு இன்னும் அலுக்கலை.

சாதாரண வைரஸ்னா கதை சீக்கிரம் முடிஞ்சிடும். டி செல்கள் பல மடங்கு பெருகி, வைரஸை ஒழிச்சு, 90 சதவீதத்துக்கும் மேல செத்துடும். மிச்சம் இருக்குறது நினைவு செல்லாத் தங்கிடும்.

வைரஸ் போகவே இல்லைன்னா? ஹெபடைடிஸ் பி, எச்ஐவி மாதிரி வருஷக்கணக்காத் தங்கிட்டா? டி செல் தினம் தினம் அதே துண்டைப் பாத்துப் பாத்துக் கொஞ்சம் கொஞ்சமா வேலையை விட்டுடும். ஆள் இருக்கும், அடி இருக்காது. அதோட மேற்பரப்புல பிடி-1னு ஒரு புரதம் நிறைய ஏறியிருக்கும். அதுதான் பிரேக். பிடி-1ஐ 1992ல வெளியிட்டது ஜப்பான்ல தசுகு ஹோன்ஜோ குழு. அந்தப் பிரேக்கைத் தடுத்தா, நாள்பட்ட வைரஸ் உள்ள எலியில சோர்ந்த டி செல் மறுபடி எழுந்திருக்கும்னு 2006ல காட்டினது அமெரிக்காவுல எமரி பல்கலைக்கழகத்துல ரஃபி அகமது குழு. அவர் பிறந்தது ஹைதராபாத்.

அதே ஆய்வுல இன்னொண்ணும் இருக்கு, இதை ஏனோ யாரும் பேசுறதில்லை. பிடி-1ங்கிற பிரேக்கை மிதிக்கிற கூட்டாளிப் புரதம் பிடி-எல்1. அதுவே பிறவியில இல்லாத எலிகளுக்கு அந்த நாள்பட்ட வைரஸைக் கொடுத்தாங்க. எலிகள் செத்துப்போச்சு. கொன்னது வைரஸ்னு சொல்ல முடியாது, அடங்காத எதிர்ப்புச் சக்திதான் உறுப்புகளைச் சிதைச்சுது. இதைத் தெரிஞ்சுக்கிட்ட பிறகு "இம்யூனிட்டியை ஏத்து"ன்னு யாராவது சொன்னா, எந்தச் செல்லை, எவ்வளவு, எத்தனை நாளைக்குன்னு கேக்கத் தோணுது.

கட்டிக்குள்ள மாட்டின டி செல்லும் இதே நிலைமைதான். கேன்சர் செல்லே பிடி-எல்1ஐ எடுத்து நீட்டும். 2014ல பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப்னு பிடி-1ஐ மறிக்கிற மருந்துகள் அமெரிக்காவுல அனுமதி வாங்கிச்சு, முதல்ல மெலனோமாங்கிற தோல் கேன்சருக்கு. சிடிஎல்ஏ-4னு இன்னொரு பிரேக் மேல வேலை செஞ்ச ஜேம்ஸ் அலிசனும் ஹோன்ஜோவும் 2018 நோபலைப் பகிர்ந்துக்கிட்டாங்க. மருந்து கேன்சர் செல்லைத் தொடுறதே இல்லை, கொல்றது நம்ம டி செல்தான். அதனால டி செல்லே நுழையாத கட்டியில பிரேக்கை எடுத்துப் பெருசாப் பிரயோஜனம் இல்லை. பல பேருக்கு இந்த மருந்து வேலை செய்யாததுக்கு இதுவும் ஒரு காரணம்.

பிரேக் போனா நல்ல உறுப்பு மேலயும் பாயலாம்: குடல், நுரையீரல், தைராய்டு, கல்லீரல், தோல். உங்க வீட்ல யாராவது இந்த மருந்து எடுக்குறாங்கன்னா, விடாத வயித்துப்போக்கோ மூச்சுத்திணறலோ வந்தா "ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கலை"ன்னு விட்டுடாதீங்க, அன்னைக்கே கேன்சர் டாக்டருக்குச் சொல்லுங்க. சீக்கிரம் தெரிஞ்சா பெரும்பாலும் ஸ்டீராய்டு கொடுத்து அடக்கிடுவாங்க. மருந்தை நிறுத்திச் சில மாசம் கழிச்சும் இது வரலாம். அதனால வேற எந்த டாக்டர்கிட்ட போனாலும் இந்த மருந்து எடுத்த விஷயத்தை முதல்லயே சொல்லிடுங்க.