ஆசிட் பாட்டிலை எடுக்காதீர்கள்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மே மாத மலர்க் கண்காட்சிக்கு முன்னால் இந்த மலையில் இன்னொரு சீசன் உண்டு: பெயிண்ட் அடிக்கும் சீசன். உறைபனி விலகி வெயில் கொஞ்சம் உறைக்கத் தொடங்கியதும் லாட்ஜ்களில் சாரம் கட்டிவிடுவார்கள். அதைப் பார்த்து வீடுகளிலும் ஆசை வந்துவிடும். சுவர் பளபளவென்று ஆனபிறகு வீட்டுக்காரர் குனிந்து பார்ப்பார். தரையெல்லாம் பொட்டுப் பொட்டாகச் சொட்டு காய்ந்து கிடக்கும். பெயிண்டர் அதற்குள் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார். நானும் அந்தத் தொழில்காரன்தான். குன்னூர், கோத்தகிரி, உதகை என்று சுவர்களோடேயே வாழ்ந்தவன். சுவரைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள், விளம்பரமே போதும். அதனால் எனக்குக் கிடைத்த நேரத்தைத் தரைக்குக் கொடுக்கிறேன்.

முதல் வேண்டுகோள்: ஆசிட் ஊற்றாதீர்கள். இதை இன்னும் இரண்டு தடவையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்கு வாங்கிய ஆசிட் வீட்டில் இருக்கிறது, கறை என்றால் அதுதானே மருந்து என்று கை அதையே தேடுகிறது. காய்ந்த பெயிண்ட் அந்த ஆசிட்டுக்கு மசியாது. மசிவது அடியில் இருக்கும் சிமெண்டும் மார்பிளும். மொசைக் என்பது சிமெண்டில் பதித்த மார்பிள் சில்லுகள்தானே? சிவப்புத் தரை, அதாவது ரெட் ஆக்சைடு, அதுவும் சிமெண்ட்தான். நிறம் மட்டும் இரும்பு ஆக்சைடு. ஆசிட் பட்டதும் நுரைத்துப் பொங்கும். அழுக்கு போகிறது என்று மகிழ்ந்துவிடாதீர்கள், பொங்குவது உங்கள் தரை. போதாததற்குப் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கொட்டுகிறவர்கள் உண்டு. அந்தக் கலவையிலிருந்து கிளம்புவது குளோரின் வாயு. தரை போனால் போகட்டும், நுரையீரல் போனால் என்ன செய்வது?

சரி, சொட்டுக்கு வருவோம். சுவரில் அடிப்பது பெரும்பாலும் எமல்ஷன், தண்ணீர் கலந்து அடிப்பது. கதவுக்கும் கிரில்லுக்கும் அடிப்பது எனாமல், எண்ணெய் வகை. தரையில் கிடப்பது எது என்று தெரியவில்லையா? கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசர் இன்னும் எந்த அலமாரியிலாவது மிஞ்சிக் கிடக்கும். பஞ்சில் நனைத்துச் சொட்டின் மேல் அழுத்தித் தேயுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் எமல்ஷன், ஏறாவிட்டால் எனாமல். சொட்டே வெள்ளையாக இருந்தால் பஞ்சுக்குப் பதில் கறுப்புத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு என்னைத்தான் திட்டுவீர்கள்.

எமல்ஷன் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. சுடுதண்ணீர், கொஞ்சம் சோப்பு, ஒரு பழைய துணி. நம் ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பது இங்கே சமைப்பவர்களுக்குத் தெரியும். எமல்ஷனுக்கு அவ்வளவுகூட வேண்டாம், கை பொறுக்கும் சூடு போதும். துணியை நனைத்துச் சொட்டின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருப்பதுதான் யாருக்கும் முடிவதில்லை.

குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்கு மேலே ஒரு பழைய வீடு. கூடம் முழுக்கச் சிவப்புத் தரை, முகம் தெரிகிற மெருகு. யாரோ அடித்த வெள்ளை எமல்ஷன் அதன் மேல் நெடுகச் சிந்தியிருந்தது. அதற்கு வைத்தியமாக இன்னொருவர் ஓரமாக ஆசிட் ஊற்றிப் பார்த்திருக்கிறார். நான் போனபோது சொட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தரைதான் வெளுத்துச் சொரசொரவென்று ஆகியிருந்தது. மேலே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று மகன் சொல்கிறார். அந்த அம்மா சம்மதிக்கவில்லை. ஒரு நாற்காலியைக் கூடத்தின் நடுவில் போட்டுக்கொண்டு என்னை வேலை வாங்க உட்கார்ந்துவிட்டார்.

நான் சுடுதண்ணீரில் துணிகளைப் பிழிந்து வரிசையாக விரித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் தம்பி, உட்கார்ந்திருக்கவா கூலி?"

"அம்மா, இப்போது துணி வேலை செய்கிறது. அது முடித்த பிறகுதான் எனக்கு வேலை."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். கால் மணி நேரம் கழித்து முதல் துணியை எடுத்தேன். பயன்படாத ஒரு பிளாஸ்டிக் அட்டையைப் படுக்கையாகச் சாய்த்து விளிம்பில் கொடுத்துத் தள்ளினேன். காய்ச்சிய பாலின் ஆடை மாதிரி அந்தச் சொட்டு சுருண்டு, முழுதாக எழுந்து வந்தது. அடியில் சிவப்பு அப்படியே. அந்த அம்மா எழுந்துவந்து அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மதியம் வரை திருப்பிக் கொடுக்கவில்லை. மகன் ஆபீஸ் போகும்போது அவரிடமும் ஓர் அட்டை கேட்டார் என்றால் பாருங்கள்.

ஆசிட் பட்ட இடத்துக்கு மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மெழுகு தேய்த்துக் கொஞ்சம் மறைத்தோம், அவ்வளவுதான். இரண்டாவது தடவையாகச் சொல்கிறேன், ஊற்றாதீர்கள்.

சுடுதண்ணீருக்கு மசியாத மிச்சத்தைச் சானிடைசர் பஞ்சு பார்த்துக்கொள்ளும். பட்டி பிளேடால் குத்திச் சுரண்டினால் சொட்டு போய்விடும், கீறல் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

எனாமல் கதை வேறு. அது காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. குளிரில் அந்த வேலை மெதுவாக நடக்கும். சமவெளியில் ஒரே இரவில் காய்கிற சொட்டு இங்கே மேலே தோல் கட்டி, உள்ளே பிசுபிசுவென்று இருக்கும். குளிர் நமக்குச் செய்கிற உபகாரம் அது. மிதித்துவிடாமல் தோலை அட்டையால் வழித்தெடுத்து, மிச்சத்தை டர்பன்டைன் துணியால் துடைத்தால் போய்விடும். முழுக்க இறுகிய பிறகு டர்பன்டைன் பலிக்காது, தின்னர் வேண்டும். டைல்ஸ் தரையில் தின்னரைப் பஞ்சில் தொட்டுப் பயமில்லாமல் துடைக்கலாம். மொசைக்கிலும் சிவப்புத் தரையிலும் மெழுகு மெருகு போய் மங்கும், பிறகு மறுபடி மெழுகு போட வேண்டும். வினைல் விரிப்பில் தொடவே கூடாது, விரிப்பே இளகிவிடும்.

இதைக் கவனமாகக் கேளுங்கள். குளிருக்குப் பயந்து ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு, அறைக்குள் கரிச்சட்டியோ ஹீட்டரோ வைத்துக்கொண்டு வேலை செய்வது நம் ஊர் வழக்கம். தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தவழ்ந்து போகும். அது தீப்பற்ற மூலையில் கனலும் கரியே போதும். குளிர்ந்தாலும் பரவாயில்லை, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறங்கள். நெருப்பை முதலில் அணையுங்கள்.

நீலகிரித் தைலம் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தரையில் ஒட்டிய டேப்பின் பசைக்கு அருமையான மருந்து. பழைய எனாமலுக்கு அதை வீணாக்காதீர்கள், சளிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். மரத் தரைக்கென்று நிறைய எழுதி வந்திருந்தேன். சுருக்கமாக: அரக்கு பாலிஷ் போட்ட மரத்தில் சானிடைசர் கூடாது, அந்தப் பாலிஷே ஸ்பிரிட்டில் கரைத்ததுதான். ரேகை போகும் திசையில் அட்டையால் மட்டும் தள்ளுங்கள். இன்னொன்று, இது மிக முக்கியம்: வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. பழைய வீட்டில் பழைய சொட்டு என்றால் உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேயுங்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள். மூன்றாவது தடவை சொல்ல நேரமில்லை, ஆசிட் விஷயம் உங்களுக்கே தெரியும். வணக்கம்.